குழல் கல்

ஜூன் 4

பல் கிளினிக்கிலிருந்து வந்த வாய் அச்சில் மறுபடியும் காற்றுக் குமிழி. இடது கடைவாய்ப் பக்கம் முழுக்கப் பொத்தல். திருப்பி அனுப்பிவிட்டேன். அளவை அரைகுறையாக எடுத்துவிட்டு, பல்செட் உறுத்துகிறது, கடிக்க முடியவில்லை என்று கடைசியில் என் தலையைத்தான் உருட்டுவார்கள்.

மதியம் மெஷினை நிறுத்திவிட்டு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. பின்பக்கச் சாமான் அறையிலிருந்து. சன்னமாக, கீச்சென்று, விட்டு விட்டு. தேனீ என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் பல்செட்டைத் தேய்க்கிற மெஷின் சத்தத்தை நான் பாதி ஆயுசாகக் கேட்கிறவள். என் மெஷினோ என் முன்னால் ஓய்ந்து கிடக்கிறது.

போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. அலமாரி அலமாரியாகக் கற்கள். ஆற்றிலிருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்து சேர்த்த கற்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், ஒரு மிருகம், ஒரு பறவை. எல்லாம் என்னையே பார்க்கிற மாதிரி.

அவர் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் நான் அந்தக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன். பைத்தியமா எனக்கு?

ஜூன் 9

ஞாயிற்றுக்கிழமை. தாடிக்காரர் வந்தார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தாடி வளர்த்து, ஆதிமனிதர் ஆய்வு வட்டம் என்று ஒன்றையும் வளர்த்து வைத்திருக்கிறார். என் மாமனாருக்கு, மாமாவுக்கு, இப்போது பேச்சுத் துணை தாடிக்காரர்தான். இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்து குழல் கல்லை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

மாமாவுக்கு நடுப்பார்வை போய்விட்டது. எத்தனையோ பேர் கண்ணைப் பார்த்து வைத்தியம் செய்தவர். இப்போது நேரே நிற்கிற ஆளின் முகம் அவருக்கு ஒரு கறை. ஓரத்தால்தான் பார்க்கிறார். அதனால் நம்மோடு பேசும்போதும் நமக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி அங்கே பார்த்துத்தான் பேசுவார். முதலில் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

கல்லில் என்ன இருக்கிறது என்று தாடிக்காரர்தான் அவருக்குச் சொல்கிறார். குழல் கல்லில் ஓர் ஆள் நீண்ட குழல் ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறான். அது தொலைநோக்கி, சரித்திரம் தொடங்கும் முன்பே வானத்தை அளந்தவர்கள் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்திருக்கிறார்கள் — இது வட்டத்தின் கட்சி.

"இந்த ஒரு கல்லு போதும் டாக்டர். உலகமே நம்ம பக்கம் திரும்பிப் பார்க்கும்."

டீயை வைத்துக்கொண்டே சொன்னேன். "குழல் மேல பார்க்கலையே. எதிர்ல உக்காந்திருக்கிற ஆளோட முகத்தையில்ல பார்க்குது."

"அது ஆள் இல்லம்மா. நட்சத்திர தேவன்."

"தேவன் ஸ்டூல்லயா உக்காந்திருப்பாரு?"

மாமா எனக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பார்த்து, "நீ போய் வேலையைப் பாரும்மா" என்றார்.

ஜூன் 16

இதையெல்லாம் யாருக்காக எழுதுகிறேனோ. ஆனாலும் ஒரு தடவை வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அவர் மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். பிணத்தைத் தொட முடியவில்லை என்றாராம். அன்றிலிருந்து மாமா அவரோடு பேசியதெல்லாம் கரண்ட் பில், கேட் பூட்டு, வண்டிச் சாவி. திட்டினதுகூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரே மேஜையில் அப்பாவும் மகனும் சாப்பிடுவார்கள், உப்பு வேண்டுமென்றால் மாமா என்னிடம் கேட்பார் — உப்பு அவர் மகன் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அவர் மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று நினைத்தேன்.

ஒருநாள் ஆற்றோரம் ஒரு பம்பு சரிசெய்யப் போனவர் கறுப்புக் கல் ஒன்றை எடுத்து வந்தார். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். யாரோ வேண்டுமென்றே போட்ட கோடுகள். மாமா அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "எங்க கிடைச்சுது?" என்றார். அவரைப் பார்த்து. மகனைப் பார்த்து. நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு கேள்விக்கு அவர் முகம் போன போக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

அப்புறம் இன்னொரு கல். அப்புறம் படம் போட்ட கற்கள். அப்பாவும் மகனும் சாப்பாடு ஆறிப்போகிற வரை பேசினார்கள். வீடே மாறிப்போனது. போன வருஷம் மழைக்கு மறுநாள் கல் தேடப் போனார். கரை சரிந்தது.

மாமா அன்று சொன்னது: "என் பையன் இதுக்காக உசிரக் கொடுத்திருக்கான். இது உண்மைன்னு நிரூபிக்காம நான் கண்ண மூட மாட்டேன்."

ஜூன் 22

பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியை வந்தார். கற்களைப் பற்றிப் படித்தவர். தாடிக்காரரின் வட்டம் பத்திரிகையில் சத்தம் போட்டுப் போட்டுக் கடைசியில் ஒருவரை வரவழைத்துவிட்டது. ஆகஸ்டில் நகர மண்டபத்தில் கண்காட்சி, விவாதம், மாமா தலைமை.

சிரிக்காத பெண். "நம்பவும் வரல, மறுக்கவும் வரல. பார்க்க வந்திருக்கேன்" என்றார். தாடிக்காரர் ஒவ்வொரு கல்லுக்கும் விளக்கம் சொல்ல, அவர் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு பூதக்கண்ணாடியை நகர்த்தினார். குழல் கல்லோடு சேர்த்துக் கொஞ்சம் கற்களைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் எடுத்துப் போனார். அந்த முதல் கறுப்புக் கல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தாடிக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "அதுல ஒண்ணும் இல்லையே, வெறும் கீறல்."

பேராசிரியை போகும்போது என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு அந்த ரூம்ல தனியா இருக்கப் பிடிக்காது" என்றேன். அது பதிலா?

ஜூலை 3

இன்றும் சத்தம். பட்டப்பகலில். ரேடியோவைப் பெரிதாக வைத்துவிட்டு வேலை செய்தேன்.

ஜூலை 11

நல்ல மழை. சாயங்காலம் மணல் லாரி ஓட்டுகிறவர் ஒரு கல்லைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "அண்ணன் எடுக்கிற இடத்துலதான் கெடந்துச்சுக்கா. தண்ணி அரிச்சு வெளிய தள்ளியிருக்கு."

என் வீட்டுக்காரர் போன பிறகும் கற்கள் வருவது நிற்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஆறு ஒன்றைத் தள்ளுகிறது. அவர் முகவரி கொடுத்துவிட்டுப் போன மாதிரி எல்லாம் நேரே இங்கேதான் வருகின்றன.

இந்தக் கல்லைக் கழுவித் துடைத்தேன். ஒரு பெண். மேஜை மாதிரி ஏதோ ஒன்றின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் சின்னதாக எதையோ பிடித்திருக்கிறாள். தலைக்கு மேலே ஒரு கம்பு வளைந்து வந்து, அதன் நுனியிலிருந்து கதிர்கள். கூந்தலைப் பின்னாமல் சுருட்டிக் குச்சி ஒன்றைச் செருகியிருக்கிறாள்.

நான் என் கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். மெழுகு பூசுகிற பிரஷ்ஷைத்தான் செருகியிருந்தேன். எப்போதும் அப்படித்தான்.

பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி என் மாதிரியே, என் மடக்கு விளக்கின் கீழே. தாடிக்காரரிடம் போனில் சொன்னதற்கு, "ஒளித்தெய்வம்" என்று குதித்தார். எனக்கு அதைத் தொடவே பயம். கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூலை 20

குட்டி ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். வந்ததும் தாத்தா முதுகில் சாய்ந்து கொஞ்சிவிட்டு, "கல்லு மியூசியம் எப்படி இருக்கு?" என்று சாமான் அறைக்குப் போனாள். அப்பா போன பிறகு அந்தப் பக்கமே போகாதவள். சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா, இங்க வாயேன். இந்த நாயைப் பாரு."

தாடிக்காரர் அதை அழிந்துபோன ஓநாய் இனம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து, வால் கேள்விக்குறி மாதிரி.

"இது அப்பா வரையிற நாய்ம்மா. என் ஸ்கூல் நோட்டு அட்டையெல்லாம் இதுதான் இருக்கும். அவருக்கு வேற நாய் வரையவே தெரியாது. நான்கூட கிண்டல் பண்ணுவேன் —"

பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கல்லைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி.

ஜூலை 21

என் வேலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நாயை விளக்கின் கீழே பிடித்தேன்.

பல்செட்டைத் தேய்க்க மெஷின் நுனியில் சின்னதாக ஒரு முனை மாட்டுவோம். பர் என்போம். வைரத்தூள் ஒட்டினது, உருண்டையானது. அது தொட்ட இடத்தில் பள்ளத்தின் அடி வட்டமாக இருக்கும். கை தடுமாறினால் ஓரத்தில் துள்ளித் துள்ளிப் புள்ளி விழும். எனக்குப் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? தினமும் இதைத்தானே பார்க்கிறேன். இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அவர் இருந்தபோது பர் அடிக்கடி குறையும். கடைக்காரன் எண்ணிக்கையில் ஏமாற்றுகிறான் என்று சண்டை போட்டுக் கடையையே மாற்றினேன். பழைய மெஷின் ஒன்று கெட்டுப்போனதென்று தூக்கிப் போட்டேன்; அவர் சரிசெய்திருப்பார். நான் பல்செட் கொடுக்கக் கிளினிக்குகளுக்குப் போய்விட்டு வரும்போது சில நாள் கேட்டிலேயே அந்தச் சத்தம் கேட்கும். "மோட்டார் ஒண்ணு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ஓட்டிப் பார்த்தேன்" என்பார்.

அப்போது நான் கேட்ட சத்தம்தான் இப்போதும் கேட்கிறது. பேய் இல்லை. ஞாபகம். அப்படி எழுதிவிட்டேன், ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

கவிழ்த்து வைத்த கல்லைத் திருப்பினேன். தெய்வமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான்தான். மடக்கு விளக்கு, பல்லச்சு, கொண்டையில் பிரஷ். பின்பக்கம் நின்று பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

ஏன் என்கிட்ட சொல்லல? கல்லுகிட்ட சொன்னத என்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன திட்டவா போறேன் — ஆமா, திட்டியிருப்பேன். திட்டிட்டு பர் எடுத்துக் குடுத்திருப்பேன்ல.

ஜூலை 29

பேராசிரியை போன் செய்தார். ரொம்ப நிதானமாகச் சொன்னார். படம் போட்ட கற்கள் எதுவும் பழையதில்லை. வேகமாகச் சுழலும் சின்னக் கருவி எதையோ வைத்துச் செதுக்கியது. பள்ளத்துக்குள் கல் இன்னும் புதிதாக வெட்டின மாதிரி இருக்கிறதாம். மேலே மட்டும் சாயம் ஏற்றி மண் தேய்த்திருக்கிறார்கள்.

"டாக்டர் பெரியவர். மண்டபத்துல வச்சு நான் சொன்னா நல்லா இருக்காது. முன்னாடியே நீங்க சொல்லிடுறீங்களா?"

"யார் செஞ்சதுன்னு கேக்க மாட்டீங்களா?"

"அது என் வேலை இல்ல" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் குரல் மாறியது. "ஆனா அந்த முதல் கறுப்புக் கல்லு, அது கூட இருந்த இன்னொண்ணு — கோடு மட்டும் இருக்கிறது — அது ரெண்டும் வேற. கையால உரசி உரசிப் போட்டிருக்காங்க. கோட்டுக்குள்ள கல்லு வெளியில இருக்கிற அளவுக்கே முதிர்ந்திருக்கு. ரொம்பப் பழசு. எவ்வளவு பழசுன்னு இப்போ சொல்ல முடியாது."

ஆக, முதலில் உண்மையாகவேதான் கண்டெடுத்திருக்கிறார். பிறகு ஆற்றில் கிடைக்கவில்லை. அப்பா மறுபடி உப்புக்கு என்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவாரோ என்று —

ஆகஸ்ட் 2

குழல் கல் திரும்பி வந்தது. மாமா மத்தியானம் படுத்திருந்தபோது என் மேஜையில் வைத்துப் பார்த்தேன்.

தொலைநோக்கி இல்லை. ஸ்டூலில் ஓர் ஆள், தாடையை ஒரு முட்டுமேல் வைத்து உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஒருவர் குழல் வழியாக அவன் கண்ணுக்குள் பார்க்கிறார். மாமாவின் கிளினிக். முன்பு இந்த வீட்டு முன்னறையில்தான் இருந்ததாம்.

ஓரத்தில், படத்துக்கு வெளியே என்று எல்லோரும் விட்டுவிட்ட இடத்தில் கதவு. கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் உருவம் ஒன்று. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

மாமா அதை எத்தனை தடவை தடவியிருப்பார். விரலுக்கு எப்படித் தெரியும்? யாரோ தொலைநோக்கி என்றார்கள், தொலைநோக்கி என்றே தடவுகிறார்.

ஆகஸ்ட் 5

சொல்ல மாட்டேன். கிழவரைக் கொன்றுவிடும்.

ஆகஸ்ட் 9

குட்டி போனில் சண்டை. "நீ சொல்லாம விட்டா, அந்த அம்மா அத்தனை பேர் முன்னாடி சொல்லுவாங்க. தாத்தா மேடைல உக்காந்துட்டு கேக்கணுமா?"

"உனக்கென்ன, அங்க இருந்துட்டுப் பேசுற. இங்க நான்தான் அவர் முகத்துல முழிக்கணும்."

"அவரால உன் முகத்தையே பார்க்க முடியாதும்மா" என்றாள். சொன்ன பிறகு அவளே அழுதாள். நானும்.

ஆகஸ்ட் 17

சொல்லிவிட்டேன்.

காலையில் மாமா நாளைய கூட்டத்துக்காகச் சட்டையை எடுத்து வைத்துவிட்டு நாற்காலியில் இருந்தார். மேடையில் பேச வேண்டியதை எனக்குச் சொல்லிக் காட்டினார். 'என் மகன் கண்டெடுத்த உண்மை' என்று ஒரு வாக்கியம். அதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. குழல் கல்லை எடுத்து அவர் மடியில் வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, இதுல என்ன இருக்குன்னு நான் ஒரு தடவை சொல்லட்டுமா?"

அவர் விரலைப் பிடித்து நகர்த்தினேன். இது ஸ்டூல். இது தாடை வைக்கிற முட்டு. இது லென்ஸ் போடுகிற இடம். இங்கே ஒரு டாக்டர். மாமாவின் விரல் நின்றது.

"தாடை முட்டா?" என்றார்.

"ஆமா மாமா."

"இது என் ரூமு."

"ஆமா."

நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் வைத்தியருக்கு அந்தக் கருவியை விளக்க வேண்டுமா? ஒன்றுதான் கேட்டார். "எல்லாமேவா?"

"கோடு போட்ட ரெண்டு கல்லு மட்டும் நெசமாவே பழசாம். மத்ததெல்லாம் அவர்தான்." என்னுடைய பர், பழைய மெஷின், எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பதிலுக்கு அவர் விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனேன். கதவு. கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிற உருவம். நகத்தளவுதான்.

"யாரு இது?"

அவர் விரலை அங்கேயே பிடித்துக்கொண்டேன். மாமா விரலை எடுக்கவும் இல்லை. "வெளிய போயிரும்மா" என்றார். இந்தத் தடவை நேரே என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அப்படிப் பார்த்தால் அவருக்கு நான் தெரிய மாட்டேன்.

ஆகஸ்ட் 18

வர மாட்டார் என்று நினைத்தேன். சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. கண்ணாடிப் பெட்டிகளில் கற்கள், மேலே விளக்கு. அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்தபோது எல்லாம் என் வீட்டுக்காரர் கையெழுத்தாகத் தெரிந்தது. இது எங்கள் பழைய ஸ்கூட்டர். இது குட்டி முதன்முதலில் நடந்தது. சுற்றிலும் ஜனங்கள் வாய் பிளந்து, எந்த யுகம், எந்த இனம் என்று. எங்கள் வீட்டுக்குள் கூட்டம் புகுந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

பேராசிரியை பேச எழுந்தார். மாமா கையை உயர்த்தி, "நான் முதல்ல" என்றார்.

"இந்தக் கல்லுகள்ல இருக்கிற படங்களைச் செதுக்கினது என் மகன். மெஷின்ல செதுக்கினான். இதுல பழங்காலம் ஒண்ணும் இல்ல. நான் உங்களை ரொம்ப நாளா தப்பா நம்ப வச்சிருக்கேன். மன்னிக்கணும்." நிறுத்தினார். போய்விடுவார் என்று நினைத்தேன். "நல்லாவே செதுக்கியிருக்கான்" என்றார்.

அப்புறம் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாடிக்காரர் மைக்கைப் பிடித்து, "டாக்டரை மிரட்டியிருக்காங்க. இது சதி" என்றார். கைதட்டல். இரண்டு கட்சியும் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தது. மாமாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். எங்களைப் பற்றிய சண்டை எங்களைக் கண்டுகொள்ளாமல் உள்ளே நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 23

மாமா பேசுவதில்லை. தட்டை வாசலில் வைத்தால் பாதி சாப்பிட்டுத் திரும்ப வைக்கிறார். பத்திரிகையில் படம் வந்திருக்கிறது: 'கல்லால் ஏமாற்றிய குடும்பம்.' ஒரு கிளினிக் இனி வேலை அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டது. பல்செட்டையும் பொய்யாகச் செய்வேனோ என்னமோ.

செப்டம்பர் 1

சாமான் அறையில் சத்தம் கேட்டது. பயப்படாமல் போனேன். மாமாதான். விளக்குப் போடாமல் உட்கார்ந்து கற்களைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "கரை சரிஞ்சப்போ அவன் தோண்டிட்டு இருந்தானா, பொதைச்சிட்டு இருந்தானா?"

அன்றைக்கு அவர் எடுத்துப்போன பையை எனக்குத்தான் கொடுத்தார்கள். மேட்டில் இருந்ததாம். உள்ளே துணியில் சுற்றின கற்கள். காய்ந்த, சுத்தமான கற்கள். அன்றைக்கே பார்த்தேன். பார்த்ததை யோசிக்காமல் இருக்க ஒரு வருஷம் வேலை செய்துகொண்டே இருந்தேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"பொதைச்சிட்டுதான் மாமா. பையில இருந்த ஒரு கல்லுலயும் மண்ணு இல்ல."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது. நான் போய்த் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டுமோ? விளக்கைப் போட்டுவிட்டு, அவருக்கு அது வேண்டாம் என்று ஞாபகம் வந்து, அணைத்துவிட்டு, கதவுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டும்வரை இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம்.

செப்டம்பர் 15

பேராசிரியை வந்து இரண்டு பழைய கற்களைப் பற்றிப் பேசினார். ஆற்றங்கரையைப் போய்ப் பார்த்தாராம். என் வீட்டுக்காரர் புதைக்கிறேன் என்று தோண்டித் தோண்டி மண்ணை மேலும் கீழுமாகப் புரட்டிவிட்டிருக்கிறார். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் காலத்தைச் சொல்ல வழியில்லை. போதாததற்கு எங்கள் பெயர் இப்போது ஊர் சிரிக்கிற பெயர். இந்த இடத்துக் கல் என்றாலே கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

"அப்போ?" என்றேன்.

"டிராயர்ல வைப்பேன். 'காலம் தெரியவில்லை'ன்னு எழுதுவேன். பின்னால யாராவது வருவாங்க."

எனக்கு அந்தக் கோடு போட்ட ஆளை நினைத்துக் கஷ்டமாக இருந்தது. ஆணோ பெண்ணோ, உட்கார்ந்து உரசி உரசிப் போட்டது. அவர்களை யாரும் இனி நம்பப்போவதில்லை. அவர் அப்பாவிடம் பேச ஆசைப்பட்டதற்கு அவர்களா பலி? மாமாவிடம் இதைச் சொன்னேன். அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக முழு வாக்கியம் பேசினார். "அந்த ஆளுக்கு நான்தாம்மா கடன்பட்டவன். என் பையன் இல்ல."

அக்டோபர் 6

தாடிக்காரர் வந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், தாடி அப்படியே இருக்கிறது. "நீங்க நம்பாட்டிப் பரவாயில்ல டாக்டர். எங்ககிட்ட குடுத்துடுங்க. வட்டம் பத்திரமா வச்சுக்கும்."

"அதெல்லாம் என் பையன் போட்ட படம்" என்றார் மாமா. "குடுக்கிறதுக்கில்ல."

"அதைத்தான் டாக்டர், உங்களைச் சொல்ல வச்சிருக்காங்க —"

"டீ குடிச்சிட்டுப் போங்க."

போனதும் மாமா என்னைக் கூப்பிட்டார். ஒரு கல்லை மடியில் வைத்திருந்தார். "இதுல என்ன?" என்றார். பார்த்தேன். "நம்ம பழைய ஸ்கூட்டர் மாமா. முன்னாடி குட்டி நிக்குறா."

"ஹேண்டிலைப் பிடிச்சிருக்காளா?"

"ரெண்டு கையாலயும்."

இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் இன்னொன்று. கிளினிக் வேலை கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 27

இரண்டு நாள் மழை. லாரிக்காரர் தயங்கித் தயங்கி வாசலில் நின்றார். "கொண்டாரலாமா வேணாமான்னு தெரியலக்கா." சின்னக் கல். ஆற்றில் உருண்டு வழவழவென்று ஆகிவிட்டது.

கழுவிக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தேய்ந்துபோன மூன்று நாலு கோடுகள். பர் போட்டதா, கையால் உரசியதா — என்னால் சொல்ல முடியவில்லை. எவ்வளவு திருப்பியும் சொல்ல முடியவில்லை.

மாமா வாங்கித் தடவினார். "ஓர் ஆள் நடந்து போற மாதிரி இருக்குல்ல?"

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம். "எனக்குக் கோடு மட்டும்தான் தெரியுது மாமா."

"யாரு போட்டதுன்னு தெரியுதா?"

"தெரியல."

"பேராசிரியைகிட்ட அனுப்பணுமா?"

"உங்க இஷ்டம்."

யோசித்தார். "இருக்கட்டும்" என்று ஜன்னலோரம் வைத்தார். வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வேலைக்குப் போகப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா," என்றார் மாமா, "அவன் சின்னப் புள்ளையில தூக்கத்துல நடப்பான். ஒரு நாள் அப்படியே நடந்து வந்து என் நோயாளி நாற்காலியில ஏறி உக்காந்துட்டான். கண்ணு தெறந்திருக்கு, ஆனா தூங்குறான். எழுப்பக் கூடாதும்பாங்க. நானும் சும்மா எதிர்ல உக்காந்து பார்த்துட்டே இருந்தேன்."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. திரும்ப உட்கார்ந்தேன்.

மாமா பேசிக்கொண்டே இருந்தார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.